பண்ணை விழா பெரிதாகாவிட்டால் என்ன?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய இசை விழா என்றால் முன்கூட்டியே முழுப் பக்கம் ஒதுக்கி, எந்த நாளில் எந்த மேடையில் யார் என்று அட்டவணை வரை போடுகிறீர்கள். ஒரு குடும்பம் தன் சொந்தப் பண்ணையில், ஸ்பான்சர் யாரும் இல்லாமல், சில நூறு பேரை வைத்து நடத்தும் விழா என்றால் எல்லாம் முடிந்த பிறகு ஒரு போட்டோ, கீழே இரண்டு வரி. அந்த இரண்டாவது வரியும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: அடுத்த ஆண்டு இன்னும் பெரிய அளவில் நடத்தத் திட்டமிட்டுள்ளனர். நடத்துகிறவர்கள் வாய்திறந்து அப்படிச் சொன்னார்களா, இல்லை எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் சேர்த்துவிட்டாரா என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம். நான் பழகிய பண்ணைக்காரர்களில் அப்படிச் சொல்லக்கூடிய ஆள் யாரும் இல்லை.

நான் மேடை ஒலி வேலை பார்க்கிறவன். மைக், ஸ்பீக்கர், கேபிள்தான் பிழைப்பு. பெரிய மைதானங்களிலும் பார்த்திருக்கிறேன், வயலிலும் பார்த்திருக்கிறேன். கூலி அங்கே அதிகம், இங்கே குறைச்சல், அதனால் இதை எழுதுவதில் எனக்கு லாபம் ஏதும் இல்லை. பண்ணை விழா ஏன் சின்னதாக இருக்கிறது, அது ஏன் சின்னதாகவே இருக்க வேண்டியிருக்கிறது என்பதை வேலை பார்க்கிறவன் கண்ணால் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் காரணம் மண். மேடைக் கம்பிகள், ஸ்பீக்கர்கள், ஜெனரேட்டர், கழிப்பறைகள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் லாரியில்தான் வரும். மண் காய்ந்திருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. முந்தின வாரம் மழை பெய்து மண் ஈரமாக இருந்தால், கனமான லாரி முதல் தடவை போகும்போதே சேதத்தில் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடும். மண்ணுக்குள் காற்றும் நீரும் போய்வரும் சின்னச் சின்ன துளைகள் நசுங்கிவிட்டால், அடுத்த மழைக்கு அந்தத் தடத்தில் தண்ணீர் தேங்கும், வேர் கீழே இறங்காது, புல் மஞ்சளாகும். மேல்மண் மட்டும் இறுகியிருந்தால் உழுது சரி செய்யலாம். கலப்பை எட்டாத ஆழத்தில் இறுகியது பல வருஷம் அப்படியே கிடக்கும். லாரி போக உலோகப் பலகைப் பாதை வாடகைக்குக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, ஆனால் அந்த வாடகையும் சேர்ந்தால் சின்ன விழாவின் கணக்கு பல சமயம் அங்கேயே இடிக்கும்.

ஐந்நூறு பேர் ஆயிரம் பேரானால் கழிப்பறை இரட்டிப்பு, தண்ணீர் இரட்டிப்பு, கார் நிறுத்த இன்னொரு வயல் வேண்டும். அந்த இன்னொரு வயலில்தான் அந்தக் குடும்பத்தின் மாடுகளுக்கு வேண்டிய தீவனப் புல் வளர்ந்துகொண்டிருக்கும். பண்ணை விழாவின் தேதியையே பல இடங்களில் புல்தான் முடிவு செய்கிறது, பாடகரின் கால்ஷீட் அப்புறம்தான். புல்லை அறுத்து, காயவைத்து, கட்டிச் சேர்த்த பிறகு கிடைக்கும் ஒரு சின்ன இடைவெளியில்தான் மேடை எழும்ப முடியும். அறுப்பு தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும். பால் பண்ணை என்றால் இன்னும் ஒன்று: விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாடு தினமும் கறந்தாக வேண்டும். ராத்திரி கடைசிப் பாட்டு வரை நின்ற அதே மனுஷர் விடிவதற்கு முன் தொழுவத்தில் நிற்பார்.

அறுத்த வயலில் கார் நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. ஓடி வந்த காரின் அடிப்பாகம் நல்ல சூட்டில் இருக்கும், காய்ந்த புல் அதைத் தொட்டால் போதும். 2016 ஆகஸ்டில் போர்ச்சுகலில் ஆண்டான்சாஸ் என்ற நாட்டார் நடன, இசை விழாவின் கார் நிறுத்தத்தில் தீப்பிடித்து 400-க்கும் மேற்பட்ட கார்கள் எரிந்துபோயின. தீ எதனால் தொடங்கியிருந்தாலும், காய்ந்த புல்லில் வண்டிகளை நெருக்கி நிறுத்தினால் அது எப்படி ஓடும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அன்றிலிருந்து நான் எந்தப் பண்ணைக்குப் போனாலும் மேடையைப் பார்ப்பதற்கு முன் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் வண்டி நிற்கிறதா என்றுதான் பார்க்கிறேன். ஒலிக்காரனுக்கு இது சம்பந்தமில்லாத வேலைதான்!

அப்புறம் கூடார முளைகள். இது வெளியே பலருக்கும் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். விழாவுக்கு வருகிறவர்கள் கூடாரம் அடிக்கும்போது உலோக முளைகளை மண்ணில் இறக்குகிறார்கள். கிளம்பும் அவசரத்தில் ஒன்றிரண்டு மண்ணிலேயே நின்றுவிடும், ஈர மண் என்றால் இன்னும் அதிகம். மாடு மேயும்போது புல்லைப் பிரித்துப் பார்த்து மேய்வதில்லை, நாக்கால் சுருட்டி இழுத்து அப்படியே விழுங்குகிறது. மேயும்போது உள்ளே போனாலும் சரி, அறுக்கும் யந்திரத்தில் துண்டாகித் தீவனத்தோடு போனாலும் சரி, உலோகம் மாட்டு வயிற்றின் இரண்டாம் அறையில் போய்த் தங்கும். அந்த அறைக்கு முன்னால், மெல்லிய சுவர்களுக்கு அந்தப் பக்கம் இதயம். குத்திக்கொண்டு முன்னேறினால் மாடு தீவனம் எடுக்காது, பால் வற்றும், செத்தும் போகும். இதற்காகவே மாட்டின் வயிற்றுக்குள் ஒரு காந்தத்தை விழுங்கவைக்கும் வழக்கம் கால்நடை வளர்ப்பில் உண்டு. உள்ளே போகிற கம்பியையும் ஆணியையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், மாட்டின் ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும்.

அதனால்தான் கவனமான பண்ணை விழாவில் கூட்டம் கலைந்த மறுநாள் வேறொரு வேலை தொடங்குகிறது. டிராக்டருக்குப் பின்னால் நீளமான காந்தக் கட்டையைக் கட்டி வயல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவார்கள். பின்னாலேயே வரிசையாக ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பார்கள். நானும் நடந்திருக்கிறேன். முளை, பாட்டில் மூடி, கிடார் தந்தியின் துண்டு, கேபிளைக் கட்டிய கம்பி. அந்தக் கடைசி இரண்டும் எங்கள் ஆட்கள் போட்டது, ரசிகர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. ஐந்நூறு பேர் நின்ற வயலை ஒரு குடும்பமும் நண்பர்களும் இப்படிச் சலித்துவிட முடியும். ஐயாயிரம் பேர் நின்ற வயலை ஆள் வைத்துத்தான் சலிக்க வேண்டும். கூலிக்கு நடக்கிறவர் அந்த மாட்டைக் கறக்கப்போவதில்லை.

இவ்வளவு சொன்னால் யாராவது உடனே கிளாஸ்டன்பரி இசை விழாவைக் கொண்டுவருவார்கள், அதுவும் பண்ணைதானே, பெரிதாகவில்லையா என்று. பண்ணையேதான். இங்கிலாந்தின் சாமர்செட்டில் வொர்த்தி பண்ணை. மைக்கேல் ஈவிஸ் தன் தந்தை இறந்தபோது 19 வயதில் அந்தப் பால் பண்ணைக்குப் பொறுப்பேற்றவர். 1970 செப்டம்பரில் முதல் விழாவை நடத்தினார். நுழைவு ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம், வந்தவர்கள் சுமார் 1,500 பேர். இன்று அதே இடத்தில் இரண்டு லட்சம் பேர் கூடுகிறார்கள். ஆனால் அந்த விழா சில வருஷங்களுக்கு ஒரு தடவை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்படுகிறது, நிலம் ஆற வேண்டும் என்பதற்காக. 2006, 2018 அப்படிப்பட்ட ஆண்டுகள். 2012-லும் நடக்கவில்லை, லண்டன் ஒலிம்பிக் நடந்த அந்த வருஷம் கழிப்பறைக்கும் போலீசுக்கும் தட்டுப்பாடு வரும் என்பதையும் ஈவிஸ் காரணமாகச் சொன்னார். உலகத்திலேயே பேர் பெற்ற பண்ணை விழாவே மண்ணிடம் விடுப்புக் கேட்டுத்தான் நடக்கிறது. ஓய்வு எடுக்கும் வருஷத்தைத் தாங்குகிற பணபலம் சின்னக் குடும்பத்துக்குக் கிடையாது என்பதுதான் வித்தியாசம்.

1969-ல் வுட்ஸ்டாக் இசை விழா நடந்ததும் பால் பண்ணையில்தான், நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊரில், மேக்ஸ் யாஸ்கர் என்பவருடைய நிலத்தில். வேறோர் ஊர் அனுமதி மறுத்துவிட, ஏறக்குறைய ஒரு மாதமே இருக்கும்போது இடம் மாறியது. 50,000 பேர் வருவார்கள் என்று சொல்லப்பட்ட இடத்தில் நாலு லட்சத்துக்கும் மேல் வந்து சேர்ந்தார்கள். உலகம் அதைக் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். யாஸ்கருக்கு மிஞ்சியது அக்கம்பக்கத்தார் போட்ட வழக்குகளும் பாழான வயல்களும். அடுத்த வருஷம் மறுபடி நடத்தலாமா என்று கேட்டபோது, பால் தொழிலுக்கே திரும்புகிறேன் என்று மறுத்துவிட்டார். இந்தப் பகுதி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வாயில் அதிகம் வருவதில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்தில் மெரெடித் என்ற ஊருக்குப் பக்கத்தில் நோலன் குடும்பத்தின் பண்ணையில் 1991 முதல் நடக்கும் விழா. நண்பர்கள் கூடித் தொடங்கியது. இன்றைக்கும் ஒரே ஒரு மேடை. விளம்பரப் பலகை கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. ஒரே மேடை என்பதால் யாரை விட்டு யாரைக் கேட்பது என்ற ஓட்டம் இல்லை, முதலில் ஏறும் புதுக்குழுவுக்கும் முழுக்கூட்டமும் கிடைக்கும். குறிப்பிட்ட குழு மனதைத் தொட்டுவிட்டால் ரசிகர்கள் காலில் இருக்கும் ஷூவைக் கழற்றி உயர்த்திப் பிடிக்கிறார்கள், அதுதான் அங்கே பரிசு. டிக்கெட்டுக்குக் குலுக்கல் போடும் அளவுக்குக் கிராக்கி இருந்தும் இரண்டாவது மேடை போடாமல் இருக்கிறார்களே, இந்த மன உறுதியைப் பற்றி எந்த இசைப் பக்கத்திலாவது படித்திருக்கிறோமா?

அடுத்தது என் சொந்தத் துறை, சத்தம். பண்ணை என்றால் சுற்றிலும் ஆள் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நிஜம் தலைகீழ். நகரத்தில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், கொஞ்சம் சத்தம் அதில் கரைந்துவிடும். வயல்வெளியில் ராத்திரி அந்த இரைச்சலே கிடையாது, ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கூட டிரம் அடி தனியாகக் கேட்கும். அதோடு பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும், தரையை ஒட்டிய காற்று குளிர்ச்சியாகவும் மேலே உள்ள காற்று கதகதப்பாகவும் இருக்கும்போது, அதே ஒலி கீழே வளைந்து வந்து தூரத்து வீட்டு வாசலில் இறங்கும். மத்தியானம் சோதித்துப் பார்த்தபோது ஒன்றுமே கேட்காத வீட்டில் ராத்திரி தூங்க முடியாமல் போவது இப்படித்தான்.

ஒரு விழாவில் பத்து மணிக்கு மேல் பக்கத்துப் பண்ணையிலிருந்து போன். பண்ணைக்காரரின் மகள் என்னிடம் வந்து, அண்ணா, ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள். சத்தத்தை அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு இருட்டில் வேலியோரமாக நடந்தேன். அந்த வீட்டுப் பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். மீட்டரைப் பார்த்தால் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, எல்லாம் சரி. அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துச் சன்னல் கண்ணாடியில் வைத்தார். அதிர்ந்துகொண்டிருந்தது. "பாட்டு எனக்குக் கேட்கவே இல்லை தம்பி, சன்னல்தான் பாடிக்கொண்டிருக்கிறது" என்றார்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சத்தத்தின் சட்ட வரம்பு பெரும்பாலும் 'ஏ' என்ற எடையிட்ட டெசிபலில் இருக்கும். மனிதக் காது தாழ்ந்த சுருதி ஒலிகளைக் குறைவாக உணர்கிறது என்பதால் அந்த அளவை அவற்றைத் தள்ளுபடி செய்கிறது, 63 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 26 டெசிபல். ஆனால் மேடையிலிருந்து வெகுதூரம் போகிறதும் சுவரைத் தாண்டுகிறதும் அந்தத் தாழ்ந்த பேஸ் ஒலிதான். சட்டப்படி நாங்கள் சரி, அவருடைய சன்னல்படி தப்பு. திரும்பி வந்து மகளிடம் சொன்னேன், அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா தலையசைத்தார். பேஸைக் குறைத்தேன். மேடையில் இருந்த கிடார்காரர் முகம் சுளித்தார், அவ்வளவுதான். பெரிய விழாவில் இந்த முடிவுக்கு ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், பாடகரின் மேனேஜர் வருவார், ஸ்பான்சரின் ஆள் வருவார், அதற்குள் நிகழ்ச்சியே முடிந்திருக்கும். அந்தப் பெரியவர் வீட்டு டிராக்டரைத்தான் இவர்கள் அறுப்புக் காலத்தில் இரவல் வாங்குகிறார்கள் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. அடுத்த முறை மேடையையே வேறு திசைக்குத் திருப்பி, பேஸ் பெட்டிகளில் ஒன்றைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி, அதற்குப் போகும் ஒலி அலையைத் தலைகீழாக்கிச் சில மில்லி நொடிகள் தாமதித்துக் கொடுத்தோம். அப்படிச் செய்தால் மேடைக்குப் பின்னால் போகும் பேஸ் பெருமளவு ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த வருஷம் போன் வரவில்லை, பெரியவர் நாற்காலியோடு நேரிலேயே வந்துவிட்டார்.

விழா எவ்வளவு பெரிதாகலாம் என்பதைச் சட்டமும் தீர்மானிக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-ம் ஆண்டு உரிமச் சட்டத்தின்படி தற்காலிக நிகழ்ச்சிக்கான ஓர் அறிவிப்பைக் கொடுத்துவிட்டு விழா நடத்தலாம், ஆனால் ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பாடுகிறவர், கேபிள் சுற்றுகிறவர் எல்லாரும் அந்த 499-க்குள் அடக்கம். மொத்தம் 168 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. 499-க்கு மேல் ஒருவர் கூடினாலும் முழு உரிமத்துக்கு அலைய வேண்டும். அங்கே சின்ன விழாக்கள் பல அந்த எண்ணுக்குக் கீழேயே நிற்பதற்கு ஆசைக்குறைவு காரணமில்லை. இப்படி எளிமையான ஒரு கதவு சின்ன விழாக்களுக்கு எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இருநூறு பேர் உட்கார்ந்து கேட்கும் வயலுக்கும் இருபதாயிரம் பேர் மைதானத்துக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டு ஆவணங்கள் என்றால் முதலில் விலகுவது வயல்தான்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அதில் ரகசியம் ஒன்றுமில்லை. மேடை, ஜெனரேட்டர், காப்பீடு, மருத்துவ உதவி இவற்றின் செலவு கூட்டம் பாதியானதால் பாதியாகிவிடாது. பிரிட்டனின் சுயேச்சை இசை விழாக்கள் சங்கம் வைத்திருக்கும் கணக்குப்படி, ரத்தானவை, தள்ளிப்போனவை, மூடப்பட்டவை எல்லாம் சேர்த்து 2023-ல் 36 விழாக்கள், 2024-ல் 72. ஒரே வருஷத்தில் இரட்டிப்பு. அப்படியென்றால் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும் என்று ஆலோசகர்கள் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் மூழ்குவது அந்த நடுத்தர அளவில்தான். நண்பர்களின் உழைப்பால் மட்டும் நடத்த முடியாத அளவுக்குப் பெரிது, பெரிய நிறுவனம் பணம் போட்டு எட்டிப் பார்க்காத அளவுக்குச் சின்னது. பெரிய விழாக்கள் பாடகர்களோடு போடும் ஒப்பந்தத்தில், முன்னும் பின்னும் இத்தனை மாதம், சுற்றுவட்டத்தில் இத்தனை தூரத்துக்குள் வேறெங்கும் பாடக் கூடாது என்று ஒரு பிரிவு இருக்கும். பத்துக் குழுக்களைக் கூப்பிட்டால் நாலு பேர் இந்தக் காரணத்தைச் சொல்லியே மறுப்பார்கள். கொஞ்சம் வளர்ந்த பண்ணை விழா அந்தப் பெரிய பெயர்களுக்காகப் போட்டி போட ஆரம்பிக்கும் இடத்தில்தான் சறுக்கல் தொடங்குகிறது. தெரியாத பெயர்களை நம்பி வருகிற கூட்டம்தான் இந்த விழாக்களின் சொத்து, அதை விட்டுவிட்டு எதைத் தேடிப் போகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

ரசிகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். டிக்கெட்டைக் கடைசி வாரத்தில் வாங்குகிறீர்கள். மழை வருமா என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது உங்கள் கணக்கு, நியாயம்தான். மேடைக்காரருக்கும் கழிப்பறைக்காரருக்கும் முன்பணம் கட்ட வேண்டியது அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். அந்தப் பணம் முன்கூட்டி விற்ற டிக்கெட்டிலிருந்துதான் வர வேண்டும், வராவிட்டால் பண்ணையின் சேமிப்பிலிருந்து. விழா ரத்து என்ற அறிவிப்பு வந்த மறுநாள், ஐயோ நான் வருவதாக இருந்தேனே என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு மாதம் முன்னால் டிக்கெட் வாங்கியிருந்தால் அந்த அறிவிப்புக்கே வேலை இருந்திருக்காது.

இங்கேதான் உங்கள் பக்கத்தின் வேலை வருகிறது ஆசிரியர் அவர்களே. விழா முடிந்த பிறகு போடும் போட்டோவால் யாருக்கும் உபயோகமில்லை. சின்ன விழாக்கள் டிக்கெட் விற்பனையைத் தொடங்கும் நாளன்று அந்த இரண்டு வரியைப் போடுங்கள், தேதி, இடம், எத்தனை பேருக்கு இடமுண்டு, பாடுகிற புதுக்குழுக்களில் ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம், அது போதும். உங்கள் நிருபர் நேரில் போனால் அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்பதற்குப் பதில், பாடியவர்களுக்குப் பேசிய பணம் கிளம்புவதற்கு முன் கைக்கு வந்ததா, வயல் மறுபடி மேய்ச்சலுக்கு எப்போது தயாராகும், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு விழா என்று எடுத்தால்கூடப் பக்கத்தின் ஓரத்தில் நாலு அங்குலம்தான் பிடிக்கும். புல் அறுப்பு முடிகிற சமயத்தில்தான் விழாக்கள் அதிகம் என்பதால், அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்கிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
மேடை ஒலிப் பணியாளர் ஒருவர்